முதலில் கொப்பி, பிறகு கத்தரி

குச்சவெளியில் 2003-க்கும் 2013-க்கும் இடையில் கல்யாணமோ சாமத்தியவீடோ நடந்த எந்த வீட்டிலும் ஒரு டிவிடியாவது இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகைப் பெட்டி எல்லாம் வைக்கும் அலுமாரித் தட்டில்தான் அதையும் வைத்திருப்பார்கள். அதைப் போட்டுப் பார்த்து எத்தனை வருடம் என்று கேட்டால் பதில் வராது. பிளேயர் எப்போதோ பழுதாகிவிட்டது. பிள்ளைகளின் லப்டொப்பில் இறுவட்டுப் போட இடமே இல்லை. பத்திரமாகத்தானே இருக்கிறது, எப்போதாவது பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தட்டு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகன் வேலைக்குப் போனபோது விட்டுச் சென்ற மேசைக் கணினியில் எங்கள் வீட்டு டிவிடிகளை மாற்றப் பழகினேன். பிறகு அயலில் உள்ளவர்கள் கொண்டுவந்தார்கள். கும்புறுபிட்டியிலிருந்தும் திரியாயிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறார்கள். இதற்குப் பெரிய கணினியோ பெரிய படிப்போ தேவையில்லை. ஒரு ஒழுங்கு மட்டும் தேவை. முதலில் இறுவட்டில் இருப்பதை ஒன்றும் விடாமல் அப்படியே கணினிக்குள் படியெடுக்க வேண்டும். அதன் பிறகுதான் வடிவம் மாற்றுவது. வெட்டுவதும் ஒட்டுவதும் எல்லாவற்றுக்கும் கடைசி. கடைகளிலும் வீடுகளிலும் இந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இருந்த ஒரே பிரதியையும் தொலைத்துவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதத் துணிந்தேன்.

கடையில் வாங்கும் சினிமாப் பட டிவிடியும் கல்யாண வீட்டு டிவிடியும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் செய்யப்பட்ட விதம் வேறு. சினிமாத் தட்டில் தகவல் சிறு பள்ளங்களாக அச்சில் அழுத்தப்பட்டிருக்கும். வீடியோக்காரர் எழுதித் தந்த தட்டில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. எழுதும் லேசர் ஒளி அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றிவிடுகிறது. வாசிக்கும்போது அந்த வேறுபாட்டைத்தான் கருவி பார்க்கிறது. வெயில் பட்டால், சூடு ஏறினால், ஈரம் புகுந்தால் அந்தச் சாயம் மங்கும். டிவிடியின் மொத்தத் தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதுவும் ஒரே தட்டல்ல. 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். சாயம் நடுவில் இருக்கிறது. விளிம்பில் பசை விட்டால் காற்று உள்ளே போகும். எங்கள் ஊரில் வீசுவது உப்புக் காற்று. வாடை தொடங்கினால் அலுமாரிக்குள் இருக்கும் துணியே பிசுபிசுக்கும். அந்த ஈரத்தில் பதினைந்து வருடம் கிடந்த மலிவான தட்டு ஒழுங்காக வாசிப்பதே பெரிய காரியம்.

இன்னொரு பக்கத்தால் கருவிகளும் இல்லாமல் போகின்றன. டிவிடி பிளேயர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1996 நவம்பரில், ஜப்பானில். எங்கள் ஊருக்கு அது பரவலாக வந்து சேர்ந்தது 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து பாதைகள் திறந்த பிறகு. அதற்கு முன்னிருந்த வி.எச்.எஸ். கசெட்டுக்கான கருவியைக் கடைசிவரை செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. டிவிடியும் அதே வழியில் போகிறது. தட்டும் கருவியும் சேர்ந்து மறைகிற இந்தச் சில வருடங்களுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.

பெரிய பெரிய ஸ்டூடியோக்களே இதில் தோற்றிருக்கின்றன. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வந்தது. அதன் படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. அப்படியிருக்க, ஒரு வீட்டின் ஒரே ஒரு கல்யாணத் தட்டைக் காப்பாற்ற அந்த வீட்டாரைத் தவிர யார் வருவார்கள்?

தேவையானது ஒரு கணினி, யூ.எஸ்.பி. வயரில் இணைக்கும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று, பிறகு ஒரு வன்தட்டு. தட்டைப் போடுவதற்கு முன் விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் அடையாளம், எண்ணெய், பூஞ்சணம் இருந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. குறுக்கே விழும் கீறலைக் கருவி சமாளித்துவிடும். பாதையோடு கூடவே ஓடும் கீறல் ஒரே இடத்தில் நிறையத் தகவலைத் தின்றுவிடும். பற்பசை பூசித் தேய்க்கும் வைத்தியம் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். வீடியோக்காரர் மேலே ஒட்டிய கடதாசிப் படம் பாதி கழன்றிருந்தாலும் பிடுங்க வேண்டாம், தட்டின் பூச்சையும் கூட்டிக்கொண்டு வரும்.

தட்டைத் திறந்தால் இரண்டு கோப்புறைகள் தெரியும். ஓடியோ_டிஎஸ் என்பது வெறுமையாக இருக்கும். பயப்பட வேண்டாம், அது வெறுமையாகத்தான் இருக்கும். சத்தமும் படமும் சேர்ந்து வீடியோ_டிஎஸ் என்ற மற்றதற்குள் இருக்கின்றன. அதற்குள் மூன்று வகைக் கோப்புகள். வி.ஓ.பி. என்று முடிபவைதான் படம். ஐ.எஃப்.ஓ. என்பவை எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்ற வழிகாட்டி. பி.யு.பி. என்பவை அந்த வழிகாட்டியின் மறுபிரதி. ஐ.எஃப்.ஓ. வாசிக்கவில்லை என்றால் அதே பெயருள்ள பி.யு.பி. கோப்பின் முடிவெழுத்தை மாற்றிப் பயன்படுத்தலாம். இதை வடிவமைத்தவர்கள் முன்யோசனையோடு வைத்த ஏற்பாடு அது, நன்றாகவே கைகொடுக்கிறது.

வி.ஓ.பி. கோப்பு ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாது. அதனால் இரண்டு மணித்தியாலக் கல்யாணம் நாலைந்து துண்டுகளாகத் தெரியும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எம்.பி.4 ஆக்கினால் தாலி கட்டுகிற இடத்தில் துண்டு முறிந்து, ஒட்டும்போது சத்தம் தட்டுப்படும். அவை தனிப் படங்கள் அல்ல, ஒரே படத்தின் தொடர்ச்சி. துண்டுகளைத் தொடவே வேண்டாம். முழுத் தட்டையும் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே கோப்பாகப் படியெடுங்கள். விண்டோஸ் கணினியில் இம்ஜ்பேர்ன் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். 4.7 ஜிபி என்று பெட்டியில் போட்ட தட்டைக் கணினி 4.37 என்று காட்டினால் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

நான் சொல்வதெல்லாம் வீட்டில் எழுதிய தட்டுகளைப் பற்றி. அவற்றுக்குப் பூட்டு இல்லை. சினிமாப் படத் தட்டுகளுக்குப் பூட்டும் உண்டு, உரிமையாளரும் உண்டு. அதை நான் தொடுவதில்லை.

நல்ல தட்டென்றால் பதினைந்து, இருபது நிமிடத்தில் படியெடுத்து முடிந்துவிடும். கெட்ட தட்டுத்தான் மனிதரைச் சோதிக்கும். அப்படி ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

கடற்கரையோரம் இருந்த ஒரு குடும்பம். 2003-இல் மகளுக்குக் கல்யாணம். சமாதான காலம் என்பதால் முற்றத்திலேயே பந்தல் போட்டு, ஊரெல்லாம் கூட்டிச் செய்தார்கள். கசெட்டில் எடுத்த வீடியோவின் ஒரு கொப்பியை சுவிஸில் இருந்த அண்ணனுக்கு அனுப்பினார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. வீடு போனது. தாய் போனார். வீட்டிலிருந்த கசெட்டும் அல்பங்களும் போயின. தாயின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டார்கள். பிறகொரு முறை அண்ணன் ஊருக்கு வந்தபோது தன்னிடமிருந்த கசெட்டை டிவிடியாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். கசெட்டை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தட்டோடுதான் அந்தப் பிள்ளை வந்தாள். பிள்ளை என்கிறேன், இப்போது அவளுக்கே கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

“ரீச்சர், கல்யாணம் வராட்டிலும் பரவாயில்ல. இதுக்குள்ள அம்மா இருக்கிறா. எங்கட பழைய வீடு இருக்கு. அதை மட்டும் எடுத்துத் தாங்கோ.”

தட்டின் வெளி விளிம்பு மங்கிப்போய் இருந்தது. என்னுடைய டிரைவ் பாதிக்கு மேல் வாசிக்க மறுத்தது. இப்படிப்பட்ட நேரத்தில் சாதாரணக் கொப்பி வேலைக்கு உதவாது. வாசிக்காத ஓர் இடத்தில் நின்றுவிட்டால் முழு வேலையையும் கைவிட்டுவிடும். இதற்கென்றே டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. லினக்ஸை ஒரு பென் டிரைவில் போட்டு அதிலிருந்து இயக்கலாம். டிவிடியில் தகவல் 2048 பைட் கொண்ட சிறு சிறு கட்டங்களாக இருக்கிறது. டிடிரெஸ்கியூ முதலில் இலகுவாக வாசிக்கும் கட்டங்களையெல்லாம் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிப்பவற்றைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து ஒவ்வொன்றாக முயலும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் காலத்தில்தான் இந்தக் கருவியின் அருமை எனக்குத் தெரிந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு டிரைவ் வாசிக்காத கட்டத்தை வேறொரு டிரைவ் வாசிக்கும். லேசரின் நிலையும் வயதும் டிரைவுக்கு டிரைவ் வேறு. அதனால் அதே வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பழைய கணினியின் டிரைவில் மிச்சத்தை முயன்றேன். கிடைக்காத கட்டங்கள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. கடைசியில் சில இடங்களில் படம் சதுரம் சதுரமாக உடைந்து மீண்டும் சேர்கிறது. மற்றதெல்லாம் வந்துவிட்டது.

தாய் எங்கே வருகிறார் என்று தெரியுமா? சடங்கில் அல்ல. சடங்கு நடக்கும்போது அவர் பின்னால் நின்றிருக்கிறார், முகம் சரியாகத் தெரியவில்லை. தட்டின் தொடக்கத்தில், வீடியோக்காரர் வெளிச்சம் சரிபார்க்கக் கமராவைச் சும்மா முற்றத்தில் சுற்றியிருக்கிறார். கிணறு தெரிகிறது. முருங்கை மரம் தெரிகிறது. ஓலை வேலிக்கு மேலால் கடல் ஒரு கோடாகத் தெரிகிறது. குசினிப் பக்கமிருந்து தாம்பாளம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தாய் நேராகக் கமராவை நோக்கி வருகிறார். கமராவைக் கண்டதும் வெட்கப்பட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறார். யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெற்றிலை வைத்த இடம் எங்கே என்று கேட்கிறார். அரை நிமிடம்கூட வராது. எந்த ஸ்டூடியோவிடம் கொடுத்து ‘எடிட்’ பண்ணச் சொன்னாலும் முதலில் வெட்டி எறியும் அரை நிமிடம் அது. சுவிஸில் கொப்பி பண்ணியவர் எதையும் வெட்டாமல் அப்படியே இறக்கியதால் பிழைத்தது.

அன்றிலிருந்து யார் வந்து “தேவையில்லாததை வெட்டிட்டுத் தாங்கோ” என்றாலும் நான் தேவையில்லாதது என்று ஒன்றை ஏற்றுக்கொள்வதில்லை. வெட்டித் தருகிறேன். ஆனால் வெட்டாத பிரதியையும் சேர்த்துத்தான் கையில் கொடுப்பேன்.

இனி வடிவம் மாற்றும் வேலை. டிவிடியில் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. எங்கள் நாட்டில் எடுத்தது என்றால் ஒரு படம் 720 புள்ளி அகலம், 576 கோடு உயரம், விநாடிக்கு 25 படம். இதைச் சுருக்காமல் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 56 ஜிபி வேண்டும். அதை இரண்டு மணித்தியாலம் 4.7 ஜிபிக்குள் அடக்கியிருக்கிறார்கள் என்றால் எவ்வளவு நுணுக்கத்தை ஏற்கனவே இழந்திருப்போம் என்று கணக்குப் பாருங்கள். மறுபடி ஒருமுறை சுருக்கினால் மறுபடி இழப்போம். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. பிரதி முக்கியம். தொலைபேசியிலும் டிவியிலும் பார்ப்பதற்கு மட்டும் இன்னொரு பிரதி செய்துகொள்ளலாம்.

அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். எச்.264 முறையைத் தெரிவுசெய்யுங்கள். 2003-இல் வந்த முறை அது, இன்றைக்கு எந்தக் கருவியிலும் ஓடும். தரத்துக்கு ஆர்.எஃப். என்று ஒரு எண் கேட்கும். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். வீட்டுத் தட்டுக்கு 18 அல்லது 19 வைக்கிறேன். படத்தின் அளவைப் பெரிதாக்க வேண்டாம். 576 கோடுள்ள படத்தை 1080 ஆக்கினால் கோப்புத்தான் வீங்கும், முகம் தெளியாது. விநாடிக்கு எத்தனை படம் என்ற இடத்தில் மூலத்தில் உள்ளபடி என்று விட்டுவிடுங்கள். கனடாவிலிருந்து வந்த தட்டு விநாடிக்கு 29.97 படம், 480 கோடு என்று இருக்கும். அங்கத்தைய டிவி முறை அது. அதை வலிந்து 25 ஆக்கினால் நடப்பவர் தட்டித் தட்டி நடப்பார்.

முகம் ஒடுங்கித் தெரிந்தாலோ அகன்று தெரிந்தாலோ பட விகிதம் பிசகியிருக்கிறது என்று பொருள். பழைய வீடியோ எல்லாம் 4:3. டிவிடியில் புள்ளிகள் சரியான சதுரம் இல்லை. 720 அகலத்தைப் பார்க்கும்போது 768 ஆக விரித்துக் காட்ட வேண்டும். ஹேண்ட்பிரேக் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். டிவியின் அகலத்துக்கு இழுத்து நிரப்பாதீர்கள். இரண்டு பக்கமும் கறுப்பு வந்தால் வரட்டும்.

கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய கமரா ஒரு படத்தை ஒரே தடவையில் எடுப்பதில்லை. முதலில் ஒற்றைக் கோடுகளை எடுக்கும். 50-இல் ஒரு பங்கு விநாடி கழித்து இரட்டைக் கோடுகளை எடுக்கும். பழைய பெட்டி டிவியும் அதே ஒழுங்கில் காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கணினி இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. அந்த இடைவெளிக்குள் அசைந்த பொருளின் விளிம்பு சீப்புப் பல் மாதிரிக் கிழிந்து தெரியும். தவில்காரரின் கையைப் பாருங்கள், உடனே பிடிபடும். இதைச் சரிசெய்யும் வடிகட்டி ஹேண்ட்பிரேக்கில் இருக்கிறது. அதில் ‘பொப்’ என்ற வகையைத் தெரிவுசெய்தால் ஒவ்வொரு அரைப் படமும் ஒரு முழுப் படமாகி, விநாடிக்கு 50 படம் கிடைக்கும். காவடியும் கும்மியும் கரைவலை இழுப்பும் அப்போது எடுத்தபடியே வழுக்கிக்கொண்டு ஓடும். தெருவோரக் கடைகளில் மாற்றித் தரும் கோப்புகளில் பாதிக்கு மேல் இந்தச் சீப்புப் பல் நிரந்தரமாகப் பதிந்து கிடக்கிறது. பிறகு அதை எடுப்பது மிகவும் சிரமம்.

சத்தத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு அதுதான் படத்தைவிடப் பெரிது. பக்கத்து வீட்டுத் தங்கை ஒருத்தி தன் நிக்காஹ் டிவிடியைக் கொண்டுவந்தாள். “டீச்சர், வாப்பாட குரல் வேற எதிலயும் இல்ல” என்றாள். வலியாக, அதாவது மணமகளின் பொறுப்பாளராக இருந்து மகளைக் கொடுத்து அவர் சொல்லும் வார்த்தை அதில் இருக்கிறது. பின்னால் ஜெனரேட்டர் ஒன்று விடாமல் இரைகிறது. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பேச்சில்லாத, இரைச்சல் மட்டும் உள்ள ஓரிரு விநாடியைத் தெரிவுசெய்து இதுதான் இரைச்சல் என்று காட்டிக் கொடுத்தால் மற்ற இடங்களிலும் அதைத் தேடிக் குறைக்கும். அளவாகக் குறைக்க வேண்டும். முழுவதையும் துடைக்கப் போனால் குரல் தகரத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். ஜெனரேட்டர் கொஞ்சம் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டேன். அவளும் அதைத்தான் விரும்பினாள். அந்த வீட்டில் அன்று கரண்ட் இல்லை என்பதும் அந்த நாளைச் சேர்ந்ததுதானே.

நாதஸ்வரத்தையும் ஐயரின் மந்திரத்தையும் உறவினரின் பேச்சையும் அடைத்துவிட்டு, மேலே சினிமாப் பாட்டுப் போட்டுத் தரும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்துவிட்டால் அந்தச் சத்தம் திரும்பி வராது. எந்த மென்பொருளாலும் முடியாது. வீடியோ எடுப்பவர்களிடம் பாட்டுப் போடாத மூலப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தவிர, அந்தப் பாட்டுள்ள வீடியோவை யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளரை அது தானாக அடையாளம் காணும். சில நேரம் வீடியோவையே தடுத்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாமத்தியவீட்டு வீடியோவை அந்தப் பெண்ணைக் கேட்காமல் பொதுவில் போடாதீர்கள். அன்று அவள் சிறுமி, அவளை யாரும் கேட்கவில்லை. இன்று அவள் வளர்ந்தவள், கேட்டே ஆக வேண்டும்.

வெட்டும் வேலைக்கு வருவோம். எம்பெக்-2 ஒவ்வொரு படத்தையும் முழுதாக வைப்பதில்லை. ஒரு முழுப் படம், அதன் பின்னால் வருபவற்றுக்கு வித்தியாசம் மட்டும் என்று தொகுதி தொகுதியாக வைத்திருக்கிறது. எங்கள் முறை டிவிடியில் ஒரு தொகுதிக்கு அதிகபட்சம் 15 படம், அதாவது 0.6 விநாடி. தொகுதியின் தலையில் வெட்டினால் மறுபடி சுருக்கத் தேவையில்லை, தரமும் குறையாது. லொஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்றவை இப்படி வெட்டித் தரும், சில நிமிடத்தில் முடியும். அரை விநாடி முன்பின் ஆவதைப் பற்றிக் கவலைப்படாவிட்டால் வீட்டுத் தேவைக்கு இதுவே போதும். தலைப்பு எழுத்து, பெயர்கள், இரண்டு காட்சிகளை இணைப்பது எல்லாம் வேண்டும் என்றால் ஷொட்கட் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். அப்போது எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு ஒரே ஒரு தடவை சுருக்கி எடுங்கள். சுருக்கியதை மறுபடி திறந்து திருத்தி மறுபடி சுருக்குவது கூடாது.

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டு டிவிடியும் உண்டு. போரில் வர முடியாமல் போனவர்கள், விசா கிடைக்காதவர்கள் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது அந்தத் தட்டில்தான். தபாலில் போகும். அங்கே ஒரு அறையில் நாலைந்து பேர் கூடியிருந்து பார்த்து அழுவார்கள். இதை வெட்டித் தரச் சொல்பவர்கள் அதிகம், ஒப்பாரி நீளமாக இருக்கிறதாம். நான் வெட்டுவது வழி தவறிய காட்சிகளை மட்டும். கமராவை மூட மறந்து செருப்பையும் நிலத்தையும் எடுத்த இடம் போன்றவை. வந்தவர்கள் வரிசையாக வாய்க்கரிசி போடும் இடத்தை ஒருபோதும் குறைப்பதில்லை. ஊரில் யார் யார் அன்று இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சரியான பதிவு கிடையாது. அந்த வரிசையில் நிற்பவர்கள் பலர் இப்போது இல்லை.

வெளிநாட்டுக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் வீடியோவாகப் போட்டால் அது நன்றாக நசுக்கிவிட்டுத்தான் அனுப்பும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அப்படியே போகும். 2022-இலிருந்து 2 ஜிபி வரை அனுப்பலாம். தொலைபேசியில் இருக்கிறதே என்று நம்பி மூலத் தட்டை எறிபவர்களைக் கண்டிருக்கிறேன். எறியாதீர்கள். தட்டையும் வைத்திருங்கள்.

கோப்பை ஒரே வன்தட்டில் வைப்பது வைக்காததற்குச் சமம். இரண்டு வன்தட்டில் வையுங்கள். அவற்றில் ஒன்று கடற்கரையை விட்டுத் தள்ளி, திருகோணமலை நகரிலோ வவுனியாவிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். 2004-ஐக் கண்ட ஊருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள், ஊர், நிகழ்வு என்ற ஒழுங்கில் வையுங்கள். ‘புது வீடியோ 1’ என்று வைத்தால் உங்களுக்கே அடுத்த வருடம் தெரியாது. கோவில் திருவிழா, பாடசாலை விழா, கரைவலை, கூத்து போன்ற பொது நிகழ்வுகள் இருந்தால் 2005-இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம். அவர்களுடைய ஆவணகம் என்ற தளத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளும் இருக்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சாதாரணக் கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு, வீட்டில் வயதானவர்களைத் திரைக்கு முன் இருத்தி, இது யார், இது யார் மகன், இந்த வீடு எங்கே இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். எந்த நிமிடத்தில் யார் வருகிறார் என்று எழுதி அதே கோப்புறையில் ஒரு எழுத்துக் கோப்பாகப் போட்டு வையுங்கள். படத்தை எந்தக் கணினியும் காப்பாற்றும். பெயரைச் சொல்ல ஆள் வேண்டும். என்னிடம் வந்த பழைய தட்டுகளில் பெயர் தெரியாமல் போன முகங்கள்தான் அதிகம்.

குச்சவெளிப் பிரதேசத்துப் பாடசாலை அதிபர்களிடமும் நூலகப் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். கணினி அறையில் ஒரு வெளி டிவிடி டிரைவ் வாங்கி வையுங்கள். உயர்தரப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இந்த வேலையைப் பழக்கிவிடுங்கள், ஒரு பின்னேரத்தில் பழகிவிடுவார்கள். சனிக்கிழமைகளில் ஊர்ச் சனம் தங்கள் தட்டுகளைக் கொண்டுவரட்டும். வீட்டில் தட்டு வைத்திருப்பவர்கள் இந்த வாடை தொடங்குமுன் கொண்டுபோய்க் கொடுங்கள்.